கையைக் கடிக்காமல் சாமான் சேர்ப்பது எப்படி? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு கேள்வி பதில்

ஐப்பசி பிறந்து வானொலியில் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று சொல்ல ஆரம்பித்ததும் தெருவில் யாராவது ஒருவர் வந்து என்னிடம் புயல் வந்தால் சமாளிக்க என்ன வாங்கி வைக்கட்டும் என்று கேட்பார்கள். எனக்கு ஒன்றும் பெரிய அனுபவம் கிடையாது. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது முகப்பைத் தாண்டிய உள்பகுதியில், வாடகைக்கு இருக்கிறோம், மாதச் சம்பளம் இருபதாம் தேதியே மூச்சு வாங்கும் குடும்பம். ஒரு தடவை நன்றாக அடிபட்டதால் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதிவிட்டேன்.

நம்ம ஊர் வறண்ட பூமி, கடலும் பக்கத்தில் இல்லை. இங்கே எதற்கு இந்த முன்னேற்பாடெல்லாம்?

2018 நவம்பர் 16 அதிகாலை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கரையேறியதோடு நிற்காமல் தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாகத் திண்டுக்கல் மலை வரை போனது. நம் செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கின்றன, அதனால் கடல் இல்லை என்ற சமாதானம் அன்றைக்கே முடிந்தது. எங்கள் தெருவில் ஆறு நாள் மின்சாரம் இல்லை. ஆலங்குடிப் பக்கம் இருக்கும் என் சின்னம்மா வீட்டில் அதைவிட ரொம்ப அதிகம்.

அப்புறம் 2020 மார்ச் 25, கொரோனா ஊரடங்கு. அன்றைக்குப் புயலும் இல்லை மழையும் இல்லை, ஆனால் வெளியே போக முடியவில்லை, கூலி வேலை நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் நமக்கெல்லாம் பேரிடர் என்பது பெரும்பாலும் இந்த ரகம்தான்: வீட்டுக்காரருக்குக் கால் ஒடிந்து ஒரு மாதம் படுக்கை, கடை முதலாளி திடீரென்று கடையை மூடிவிட்டார், இப்படி. புயலுக்கென்று வைத்த சாமான் இதற்கும் உதவும்.

சரி, முதலில் என்ன வாங்குவது? அரிசிதானே?

இல்லை. கஜா சமயத்தில் எங்கள் வீட்டில் முழு மூட்டை, 25 கிலோ அரிசி இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் மேல்தொட்டி காலி. மோட்டார் ஓடாது. பின்கட்டில் கிணறு இருக்கிறது, எட்டிப் பார்த்தால் தண்ணீரும் மேலேயே நிற்கிறது, மழைக்காலம் வேறு. ஆனால் இறைக்கக் கயிறு இல்லை! மோட்டார் போட்ட நாளிலிருந்து யாரும் வாளியை இறக்கியதே இல்லை. உருளை துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றது, தாம்புக்கயிறு என்று ஒன்று மூலையில் சுருட்டிக் கிடந்தது, எடுத்து இழுத்தால் கையோடு உதிர்ந்து வந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு மாட்டுக் கயிறுகளை மூன்று முடிச்சுப் போட்டு, பெயின்ட் வாளியைக் கட்டி இறக்கினோம். முடிச்சு உருளையில் ஏறாததால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கையாலேயே இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு குடத்துக்கே உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

அதனால் என் பட்டியலில் முதல் சாமான் கயிறும் வாளியும். கிணறு இல்லாத வீடென்றால் மூடி போட்ட குடங்கள். அரிசி நம் ஊரில் கடைசியாகத்தான் தீரும். முதலில் தீர்வது தண்ணீர், அடுத்து வெளிச்சம், அடுத்து சில்லறை.

எத்தனை நாளுக்குச் சேர்க்க வேண்டும்?

முதலில் மூன்று நாள். அது கைகூடிய பிறகு பத்து நாள். ஒரே மாதத்தில் மூன்று மாதச் சாமான் வாங்குகிறேன் என்று கடன் வாங்கிக் கிளம்பாதீர்கள், அந்தக் கடனே ஒரு பேரிடர்.

கணக்கு எளிது. பெரியவர் சின்னவர் கலந்து நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி என்றால் பத்து நாளுக்கு 12 கிலோ. பருப்பு தலைக்கு 60 கிராம் போட்டால் இரண்டரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் ஒரு லிட்டர் போதும், பொரிப்பதற்கு ஆசைப்படாவிட்டால். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் தலைக்கு 4 லிட்டர், அதாவது நான்கு பேருக்கு ஐந்து நாளுக்கு 80 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் சுமாராக 15 லிட்டர் பிடிக்கும், ஆக ஆறு குடம். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு எல்லாம் இது சேராது.

கையில் காசே இல்லை. வாரம் நூறு ரூபாய் ஒதுக்கினால் பெரிய விஷயம். முடியுமா?

முடியும், நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதல் வாரம் கயிறு. அடுத்த வாரம் கல் உப்பு இரண்டு கிலோ, தீப்பெட்டி ஒரு கட்டு, ஒரு சோப்பு. (தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனபோது ஊரே புலம்பியது. இன்னமும் அதைவிட மலிவான அவசரச் சாமான் ஒன்றை எனக்குத் தெரியாது.) மூன்றாம் வாரம் அவல், பொட்டுக்கடலை. நான்காம் வாரம் புளி, மிளகாய். ஐந்தாம் வாரம் ஒன்றும் வாங்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். ஆறாம் வாரம் மறுபடி தொடங்கினோம்.

ஒரு விஷயம் மட்டும். புதிதாக ஒரு பண்டத்தை 'அவசரத்துக்கு' என்று வாங்காதீர்கள், வீட்டில் தினமும் சாப்பிடுவதையே ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்குங்கள். பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். அப்படிச் செய்தால் எதுவும் வீணாகாது, பணமும் முடங்காது. நான் ஒரு தடவை நூடுல்ஸ் பாக்கெட்டாக வாங்கி அடுக்கினேன், பிள்ளைகள் பத்தே நாளில் 'புயலை' முடித்துவிட்டார்கள்.

ரேஷனை வைத்தே சேர்க்க முடியாதா?

பாதிக்கு மேல் அதிலேயே முடியும். அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். "பாமாயில் எங்களுக்கு ஆகாது" என்று வாங்காமல் விடுபவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் வரிசையில் நிற்பதற்குச் சலிப்புப் பார்க்காமல் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். மற்றவர் அரிசியை விலைக்கு வாங்குவது மட்டும் வேண்டாம், அது குற்றம்.

அப்புறம் கைப்பிடி அரிசி. என் அப்பத்தா ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடும். கேட்டால் "சாமிக்கு" என்று சொல்லும். சாமிக்குப் போனதை நான் பார்த்ததில்லை, ஆனி ஆடியில் வேலை இல்லாத வாரங்களில் அந்தப் பானைதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். இரண்டு வேளைக்கு 100, மாதம் 3 கிலோ. நான்கு மாதத்தில் மேலே சொன்ன 12 கிலோ வந்துவிடுகிறது, ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவழிக்காமல்.

எது கெடாமல் நிற்கும், எது ஏமாற்றும்?

உப்பு, சர்க்கரை இரண்டும் ஈரம் படாவிட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். புழுங்கல் அரிசி பச்சரிசியைவிடக் கெட்டி, வண்டும் குறைவு. கேழ்வரகை முழுத் தானியமாக வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும், மாவாக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் கசப்பு வாடை வந்துவிடும். அதனால் எதையும் மாவாக வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

கவுனி அரிசி நம் ஊர்ப் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலையும் அதிகம், தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடையும் வரும், வேகவும் நேரமாகும். கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்க்கடலை சத்தானது, மலிவும்கூட, ஆனால் மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அதில் வரும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் போகாது. நிறம் மாறினதை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் ஐப்பசி கார்த்திகையில் வியர்த்து ஒழுகும், காற்றுப் புகாத டப்பாவில் இருக்க வேண்டும்.

அடுப்பே பற்ற வைக்க முடியாத நாளுக்கு அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம். அவலை நனைத்து வெல்லம் போட்டால் ஒரு வேளை ஓடிவிடும். புளிக்காய்ச்சல் நல்லெண்ணெய் மேலே நிற்கும்படி காய்ச்சி ஜாடியில் வைத்தால் வாரக்கணக்கில் வரும், வெறும் சோறு வடித்தால் போதும்.

வண்டு! எவ்வளவு சேர்த்தாலும் வண்டு தின்றுவிடுகிறதே?

எனக்கும் நடந்தது. தகர டப்பாவில் வைத்த பயறைத் தை மாதம் திறந்தால் மேலே வெள்ளை மாவு பூத்திருந்தது, ஒவ்வொரு பயற்றிலும் ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை, காதருகில் வைத்தால் 'சரசர' என்று சத்தம். டப்பா மூடி நன்றாகத்தான் இருந்தது. கடையிலிருந்து வரும்போதே முட்டை இருந்திருக்கிறது.

அதனால் வாங்கியதும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, சூடு முழுக்க ஆறின பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு போட்டால் உள்ளே வியர்க்கும். அரிசிக்குக் காய்ந்த வேப்பிலை, மிளகாய் வற்றல், வசம்பு இவற்றில் ஏதாவது துணியில் முடிந்து போடுவது நம் வழக்கம். வண்டு வராமல் தள்ளிப்போட உதவும், ஏற்கெனவே வந்த வண்டைக் கொல்லாது. பருப்புக்கு ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசிறி வைத்தால் நல்ல பலன். சமைக்கும்போது வெந்நீரில் கழுவிவிட்டால் வாடை தெரியாது. பெரிய மூட்டையாக வைக்காமல் ஐந்தைந்து கிலோவாகப் பிரித்து வைத்தால் ஒன்றில் வந்தாலும் மற்றது பிழைக்கும்.

காய்கறி இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

இதில் மட்டும் நம்மை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பங்குனி சித்திரை வெயிலில் மாடியில் விரியும் பாய்களை நினைத்துப் பாருங்கள்: கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், மாவற்றல், சுண்டை, மணத்தக்காளி, மோர்மிளகாய், கூழ் வடகம். சந்தை முடியும் நேரத்தில் கத்தரிக்காயைக் கூறு கட்டித் தள்ளுவார்கள், அப்போது வாங்கி நறுக்கி உப்புப் போட்டு வேகவைத்துக் காயவைத்தால் மழைக்காலக் குழம்புக்கு ஆயிற்று.

என் அப்பத்தா ஒரு செட்டியார் வீட்டில் சமையலுக்கு இருந்தது. அங்கே உள்ள சாமான் அறையைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும். ஆள் உயரப் பீங்கான் ஜாடிகள், ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி, ஈரக் கையோடு யாரும் உள்ளே போகக்கூடாது, ஊறுகாய்க்கு மரக் கரண்டி தவிர வேறு படக்கூடாது. நூறு பேர் திடீரென்று வந்தாலும் சமாளிக்கிற இருப்பு அது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். நம் வீட்டுக்கு நான்கு டப்பா வற்றல் போதும், ஈரக் கை விதி மட்டும் அப்படியே பொருந்தும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்குத் தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் நெத்திலிக் கருவாடு இருக்கிறது. உப்புக்கண்டம் ருசிதான், ஆனால் கறி விற்கிற விலையில் அதை அவசரகாலச் சாமான் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீரை எப்படிச் சேமிப்பது?

புயல் எச்சரிக்கை வந்த அன்றே, மின்சாரம் இருக்கும்போதே, வீட்டில் தண்ணீர் பிடிக்கிற எதுவும் காலியாக இருக்கக்கூடாது. அண்டா, தவலை, பிரஷர் குக்கர், பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில், எல்லாம். குடிக்கிற தண்ணீருக்கு மூடி அவசியம், கொசுவுக்காகவும் பிள்ளைகளின் கைக்காகவும்.

முற்றம் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்குப் பாதிக் கவலை இல்லை. நான்கு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்துக்குத்தான் வந்து விழும், அந்தக் காலத்தில் அதற்குக் கீழே அண்டா வைத்துப் பிடித்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். முதல் கால் மணி நேரத் தண்ணீரைப் போக விடுங்கள், ஓட்டிலிருக்கும் தூசி, புறா எச்சம் எல்லாம் அதில்தான் வரும். பிறகு வெள்ளைத் துணி கட்டிப் பிடியுங்கள். காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

ஊருணித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?

குடி ஊருணி என்று தனியாக வைத்து, கால் கழுவக்கூட இறங்கவிடாமல் காத்த ஊர்கள் இங்கே உண்டு. இன்றைக்கு எந்த ஊருணிக்குள் எந்தச் சாக்கடை வருகிறது என்று உங்கள் ஊர்க்காரருக்குத்தான் தெரியும். வெள்ளம் வந்த பிறகு எதையும் நம்பாதீர்கள்.

கலங்கல் தண்ணீராக இருந்தால் தேத்தான் கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துவிட்டு ஊற்றி வைத்தால் மண் அடியில் தங்கித் தெளிந்துவிடும். காரைக்குடி நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும், ஒரு கொட்டை பல நாள் வரும். ஆனால் தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது, கிருமி அப்படியே இருக்கும். தெளிந்த பிறகு நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

விறகும் இல்லை, கேஸும் இல்லை என்றால் குளோரின் மாத்திரை, அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு அரை மணி நேரம் காத்திருக்கவும். அதுவும் இல்லையா? நிறமில்லாத, கீறல் விழாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி ஆறு மணி நேரம் நேர் வெயிலில் படுக்க வையுங்கள், மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். வெயில் நம் ஊரில் தாராளம், புயலுக்கு மறுநாள்கூட சுள்ளென்று அடிக்கும்.

யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலை தட்டின அளவு. உப்பு கூடிவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கேஸ் தீர்ந்துவிட்டால்?

இரண்டாவது சிலிண்டர் வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாதவர்களுக்கு மூன்று செங்கலும் ஒரு கட்டு சீமைக்கருவேல் விறகும். விறகை மழைக்கு முன்பே வெட்டிக் காயவைத்து, ஓலையோ தகரமோ போட்டு மூடி வைக்க வேண்டும், நனைந்த கருவேலை ஊதி ஊதிக் கண் போய்விடும். எரிப்பது திறந்த இடத்தில்தான். கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ மூடிய அறைக்குள் வைத்தால் வாடையே இல்லாத விஷவாயு சேரும், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கேஸை மிச்சம் பிடிக்க ஒரு வழி: அரிசி, பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, மூடியோடு சாக்கிலும் பழைய போர்வையிலும் இறுகச் சுற்றி ஒரு கூடைக்குள் வைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் அரிசி தானாக வெந்திருக்கும். பருப்பு பிடிவாதம் பிடிக்கும், திரும்ப ஒரு கொதி வேண்டியிருக்கும்.

வெளிச்சம், செல்போன்?

மெழுகுவர்த்தியைவிட பேட்டரி போடும் சின்ன டார்ச் நல்லது. பெரிய வீட்டுத் தேக்குமரத் தூணுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் மெழுகுவர்த்தியோடு நடந்த என் மகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டார்ச் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சே வீணாகும்.

10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால் சாதாரண செல்லுக்கு ஒன்றிரண்டு தடவை வரும், அவ்வளவுதான். அதுவும் செல்போன் கோபுரத்தில் டீசல் இருக்கும்வரைதான் சிக்னல். அதனால் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று இருக்கட்டும். கொடைக்கானல் பண்பலை, 100.5, எங்கள் பக்கம் தெளிவாகக் கேட்கும். முக்கியமான எண்களைக் காலண்டர் அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதி மாட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அளவில் 1070, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. கூடவே அண்ணன் தம்பி எண்ணும். யாருக்காவது இப்போது தங்கை எண் மனப்பாடமாகத் தெரியுமா?

மருந்து?

இதை அலட்சியம் செய்தால் மற்ற எல்லாம் வீண். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் தீரும் அன்று வாங்கும் பழக்கத்தை விட்டு, பத்து நாள் இருப்பு இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். காசு பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். வெளியே வாங்குவதென்றால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் அதே மருந்து குறைந்த விலைக்கு.

இன்சுலின் போடுபவர்கள் ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று பதற வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் குப்பி 25 முதல் 30 டிகிரிக்குள் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும் (அட்டைக்குள் இருக்கும் சீட்டில் சரியான நாள் போட்டிருக்கும்). பெரிய மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் பாலித்தீன் பையில் குப்பி. மேலே ஈரத்துணி. வெயில் படாத இடம்.

மழைக்குப் பிறகு பாம்பு வரும், முக்கியமாக விறகுக் குவியலில். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்கவிடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கைக்குழந்தை இருக்கிறது. வேறென்ன?

தாய்ப்பால் கொடுப்பவர் வயிறாரச் சாப்பிட்டு நிறையத் தண்ணீர் குடித்தால் குழந்தைக்கு அதைவிடப் பத்திரமான சாப்பாடு கிடையாது. ஆறு மாதம் தாண்டியிருந்தால் சத்துமாவு. அப்புறம் நாப்கின், இதை எந்தப் பட்டியலிலும் யாரும் எழுதுவதில்லை, ஆண்கள் எழுதுவதாலோ என்னவோ. இரண்டு மாதத்துக்கு வாங்கி வையுங்கள், கூடவே சுத்தமான பழைய பருத்தித் துணியும்.

பணம், பத்திரம்?

கரண்ட் இல்லாத ஊரில் ஜிபே இல்லை, ஏடிஎம்மும் இல்லை. கஜா சமயத்தில் ஐநூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு பால் வாங்க முடியாமல் திரும்பி வந்திருக்கிறேன். பத்தும் இருபதும் ஐம்பதுமாக முடிந்த அளவு, ஒரு மஞ்சப்பையில், அதைத் தொடமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வையுங்கள்.

ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே ஜிப் கவரில். நகல் ஒன்று வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில்.

பழைய பெரிய வீட்டில் இருக்கிறோம். வயதானவர்கள் தனியாக.

வெளிநாட்டில் பிள்ளைகள், இங்கே நாற்பது அறைக்குள் ஒரே ஒரு ஆச்சி என்று எத்தனை வீடு. எங்கள் வீட்டுக்கார ஆச்சியும் அப்படித்தான். கஜா அன்று முகப்பிலிருந்து அவர்கள் கூப்பிட்டது இரண்டாம் கட்டில் இருந்த எங்களுக்குக் கேட்கவே இல்லை, காற்று அப்படி. காலையில் போய்ப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது. திருவிழாவில் வாங்கின விசில்தான்.

மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது, முற்றத்துத் தூம்பில் அடைத்த இலையை எடுப்பது, சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது. காற்றடிக்கும் இரவில் விரிசல் கண்ட சுவரோரமும், ஒழுகும் மச்சுக்குக் கீழேயும் படுக்க வேண்டாம். வீட்டிலேயே உறுதியான ஒரு அறையை இப்போதே பார்த்து வைத்து, சாமான் பையையும் அங்கேயே வையுங்கள்.

ஒற்றை அறை வீடு. இவ்வளவையும் எங்கே வைப்பது?

கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து, அதன்மேல் டப்பாக்கள். தரையில் நேராக வைத்தால் ஈரம் ஏறும், தண்ணீர் புகுந்தால் முதலில் போவதும் அதுதான். எண்ணெய் டின், பெயின்ட் வாளி எது கிடைத்தாலும் பயன்படும், ஆனால் பெயின்ட் வாளியில் தின்கிற சாமானோ குடிக்கிற தண்ணீரோ வேண்டாம். (நாங்கள் கிணற்றில் இறக்கினது குளிக்க, கழுவத்தான்.)

இணையத்தில் 'அவசரகாலப் பெட்டி' விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு மூன்று மாதச் சாமான் வரும்.

இப்படிச் சேர்ப்பது பதுக்கல் இல்லையா?

கடையில் நிறைய இருக்கும் மாதத்தில் அரைக் கிலோ கூடுதலாக வாங்குவது பதுக்கல் இல்லை. புயல் நாளை என்று சொன்ன பிறகு பத்துப் பால் பாக்கெட்டையும் ஒருவரே அள்ளிக்கொண்டு போவதுதான் பதுக்கல், பின்னால் நிற்பவருக்குக் கிடைக்காது. முன்பே வாங்கி வைத்தவர் அன்றைக்கு வரிசையில் நிற்க மாட்டார், அந்த இடம் வேறொருவருக்கு.

எல்லாம் சேர்த்தாயிற்று. எப்போது எடுத்துப் பார்ப்பது?

ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டைக் கவிழ்த்துச் சுத்தம் செய்வோம், வடகிழக்குப் பருவமழையும் அதை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். அன்றைக்கே டப்பாக்களைத் திறந்து மோந்து பாருங்கள், பவர்பேங்க்கைச் சார்ஜ் போடுங்கள், மாத்திரை அட்டையில் தேதி பாருங்கள். நாங்கள் உருளைக்கு எண்ணெய் விட்டு, வாளியை ஒரு தடவை கிணற்றில் இறக்கி ஏற்றுவோம். போன வருஷம் என் மகன் இழுத்தான், பாதி வாளி தண்ணீர் வெளியே சிந்தியது, மீதியை அரிவாள், சுத்தியலோடு வைத்திருந்த கயிற்றுக்குப் பொட்டு வைக்கப் பயன்படுத்திக்கொண்டோம்.